போய் வருகிறேன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ‘பல்கலைக்கழகப் பரிமாற்றக் கல்வி’ என்னும் பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பரிமாற்றக் கல்வி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, கவிஞர்கள் கூடும் அவையில் கல்வித் திட்டம் பற்றிய பேச்சு எடுபடுமா என்று கேட்டேன். “திட்டத்தைப் பற்றி வேண்டா; போய்வந்தவர்களைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். அச்சொல் எனக்கு வழிகாட்டியது. பல ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லும்படியும் செய்துவிட்டது.

வெளிநாட்டுக் கல்வி என்றவுடன் கணியன் பூங்குன்றனாரை மேற்கோள் காட்டாத தமிழாசிரியர் அரியர். நான் இன்று காட்டப்போவதில்லை. அப்பெரும்பாடல் புறப்படுபவருக்கு ஊக்கம் தருவது. பிற ஊரையும் தன் ஊராக்கிக்கொண்டு திரும்பி வருபவரைச் சொந்த ஊர் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதே இன்று என் கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பரிமாறுதல் என்றால் வீட்டில் ஒரு பொருள். ஏட்டில் ஒரு பொருள். வீட்டில், இலையில் உணவிடுவது. ஏட்டில், ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்வது. நம் ஊர்ப் பந்தியில் பரிமாறுபவர் கடைசியில்தான் உண்பார். எல்லோரும் எழுந்த பின் அவருக்கென்று ஓர் இலை போடுவது வீட்டாரின் கடமை. அதனை மறந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பந்தி வழக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

கல்விக்காகப் பிரிந்து செல்லுதல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலை முதலில் வைத்தார். பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. கற்பியலில், கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டைக் கடத்தலாகாது என்று எல்லையும் வகுத்தார். மீண்டு வருதலையும் சேர்த்தே அவர் பிரிவுக்கு இலக்கணம் செய்தார் என்பது என் கருத்து. ஆயினும் அதே தொல்காப்பியம் ஓதற்பிரிவை உயர்ந்தோர்க்கு உரியது என்கின்றது. பெண்ணோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்னும் பொருள்பட மற்றொரு நூற்பாவும் உண்டு. இவற்றுக்கு உரையாசிரியர்கள் பலவாறு விளக்கம் கூறுவர். அவ்விரண்டு நூற்பாக்களையும் வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், கடல் கடந்து படித்து வந்த ஒரு பெண்ணாக, நான் சிறிது நேரம் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். யார் போகலாம், யார் போகலாகாது என்னும் கேள்வி இன்னும் முடியவில்லை அல்லவா?

இனி, இக்காலப் பரிமாற்றக் கல்வியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்.

முதல் உலகப் போரில் தோற்று, 1923ஆம் ஆண்டின் பணவீக்கத்தில் காசு காகிதமாகிப் போன ஜெர்மனியில், ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் யோவாகிம் ஃபிரீட்ரிஷ் என்னும் மாணவர் அமெரிக்கா சென்றார். அங்குள்ளவர்களோடு பேசி, ஜெர்மானிய மாணவர் 13 பேருக்குப் படிப்புதவி பெற்றுத் தந்தார். அம்முயற்சியிலிருந்தே 1925ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஹைடெல்பெர்க்கில் ஒரு பரிமாற்ற அமைப்பு தோன்றியது. இன்று டாட் என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தொடக்கம் அதுவே. நேற்றுவரை பகை நாடாக இருந்த நாட்டின் கதவைத் தட்டியவர் அமைச்சர் அல்லர், ஒரு மாணவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இத்தகைய ஒன்று நடந்தது. செனட்டர் ஃபுல்பிரைட் கொணர்ந்த சட்டம் 1946ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் கையொப்பமாயிற்று. போருக்கென அயல்நாடுகளில் குவித்து எஞ்சிக் கிடந்த தளவாடங்களை விற்ற பணம் மாணவர்களின் பயணச் செலவாயிற்று. நம் நாட்டுடன் அதற்கான உடன்படிக்கை 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஏற்பட்டது.

அந்த ஃபுல்பிரைட் உதவியில் 1959ஆம் ஆண்டு இந்தியானா பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. இராமானுஜன். மொழியியல் படிக்கச் சென்றார். 1962ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்தில், பழந்தமிழ் இலக்கணத்திற்கான ஒரு தொடக்கநூலைத் தேடி நிலவறை அடுக்குகளுக்குள் இறங்கினார். அவர் கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937ஆம் ஆண்டு பதிப்பித்த குறுந்தொகை. அதன்பின் நேர்ந்தவற்றைக் கவிஞர்களாகிய நீங்கள் அறிவீர்கள். 1967இல் வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்பு, சங்கப் பாடலை உலகக் கவிதை வாசகரின் மேசைக்குக் கொண்டு சேர்த்தது. குறுந்தொகையைக் கண்டெடுக்க ஒரு தமிழர் சிகாகோவின் நிலவறைக்குப் போக வேண்டியிருந்ததே என்று வருந்துவோரும் உளர். எனக்கு அவ்வருத்தம் இல்லை. தூரத்தில் நின்றால்தான் சில பொருள்கள் கண்ணுக்குப் புலனாகின்றன. அவர் கொண்டுவந்ததை நாம் வாங்கிக்கொண்டோமா என்பதே கேள்வி. குறுந்தொகையைப் பொறுத்தவரை, வாங்கிக்கொண்டோம்.

ஆனால் எல்லோருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. சோஃபியா கொர்ராதி என்னும் இத்தாலிய அம்மையாரின் கதையைக் கேளுங்கள். ரோமில் சட்டம் பயின்ற அவர், 1957ஆம் ஆண்டு ஃபுல்பிரைட் உதவியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்று, சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1958இல் அச்சான்றிதழைக் காட்டித் தம் இத்தாலியப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். மறுத்துவிட்டனர். பிறர் முன்னிலையில் ஏளனமும் செய்தனர். ஓராண்டு உழைப்பு, ஊர் சுற்றிப் பார்த்ததாகக் கருதப்பட்டது.

அவர் அழுதுவிட்டு அமைதியாகிவிடவில்லை. கல்வியாளரான பின், 1969ஆம் ஆண்டு, இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் அவைக்கு ஆலோசகராக இருந்தபோது, அயல்நாட்டில் படித்ததைத் தாய்ப் பல்கலைக்கழகம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஒரு முன்மொழிவை எழுதினார். அதன்பின் 18 ஆண்டுகள் கதவு கதவாக ஏறி இறங்கினார். 1987ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பிய நாடுகள் எராஸ்மஸ் என்னும் பரிமாற்றத் திட்டத்தை ஏற்றன. ஊர் ஊராகச் சென்று கற்றும் கற்பித்தும் வாழ்ந்த நெதர்லாந்து அறிஞரின் பெயர் அது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் சென்றனர். இன்றளவில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் அத்திட்டத்தால் பயன்பெற்றுள்ளனர். ‘எராஸ்மஸின் தாய்’ என்று போற்றப்பட்ட கொர்ராதி அம்மையார் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே, அத்திட்டத்தின் வேர் பயண ஆசையில் இல்லை. திரும்பி வந்த ஒரு பெண் அடைந்த அவமானத்தில் இருக்கின்றது. பரிமாறி வந்தவருக்கு இலை போட மறந்த வீட்டின் கதை அது.

இனி என் கதைக்கு வருகின்றேன்.

முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, 2004ஆம் ஆண்டு அக்டோபரில், ஆறு மாதப் பரிமாற்ற ஆய்வாளராக ஹைடெல்பெர்க்கிற்குச் சென்றேன். நெக்கார் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். பல்கலைக்கழகம் 1386இல் தோன்றியது. தமிழும் கற்பிக்கப்படும் தெற்காசிய நிறுவனம் 1962இல் தொடங்கப்பட்டது. இராமானுஜன் சிகாகோவில் குறுந்தொகையைக் கண்ட அதே ஆண்டு. முதல் நாள், அட்டவணையில் பத்து மணி என்றிருந்த வகுப்பிற்குப் பத்துக்கே போய், எவரையும் காணாமல், வகுப்பு இல்லை என்று திரும்பிவிட்டேன். அங்குப் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவது நெடுநாள் மரபு என்பது பின்னரே தெரிந்தது. முதன்முதல் கருத்தரங்கில் நான் கட்டுரை படித்து முடித்தபோது, எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். எதிர்ப்புத் தெரிவிக்கின்றார்கள் என்று கலங்கிப்போனேன். அங்கு அதுதான் கைதட்டல்!

டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அத்தகைய ஒரு மாலையில், தமிழ் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்க அமர்ந்திருந்தேன். வகுப்பு முடிந்து “போய் வருகிறேன்” என்று எழுந்தேன். ஒரு மாணவர் கையை உயர்த்தினார். “போ என்பதும் வா என்பதும் எதிர்ச்சொற்கள் என்று பாடத்தில் இருக்கின்றதே. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வார்?” என்று கேட்டார். விடைபெறும்போது தமிழர் ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்வார்கள் என்று விளக்கினேன். அவர் விடவில்லை. “சரி, வீட்டில் இருப்பவர் அதற்கு என்ன சொல்வார்?” என்றார்.

“போய் வா என்பார்” என்றேன்.

அவர் சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இது இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம்” என்றார்.

பிறந்தது முதல் நாளொன்றுக்குப் பத்து முறை சொல்லிய சொல். அதன் பொருளை எனக்குக் காட்டியவர், தமிழ் கற்கத் தொடங்கி இரண்டே மாதமான ஒரு ஜெர்மானியர். அயல்நாட்டில் நான் கற்றவற்றுள் முதன்மையானது என்ன என்று கேட்டால், இதனைத்தான் சொல்வேன். அங்கு எழுதிய பக்கங்களை என் நெறியாளர் ஒரு சொல்லும் குறைக்காமல் ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக ஏற்றுக்கொண்டார். எனக்கு இலை போடப்பட்டது.

இப்போது, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கின்றேன்.

2018ஆம் ஆண்டு, என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவருக்கு ஒரு பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஜெர்மனியில் ஒரு பருவம் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. பெயர் வேண்டா. கைத்தறி நெசவாளர் குடும்பம். குடும்பத்தின் முதல் பட்டதாரி. உதவித்தொகை அங்குச் சென்ற பின்னரே கைக்கு வரும். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் கம்பளிச் சட்டைக்கும் முன்பணம் வேண்டும். அவர் தாயாரின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. ஓதற்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்பதற்கு இக்கால உரை இது போலும்! அவர் போகும்போது, “போய் வருகிறேன் அம்மா” என்றார். “போய் வா” என்றேன்.

அங்கு அவர் தம் தாயார் பாடிய தாலாட்டுகளை எழுதி, விளக்கி, ஜெர்மானியத் தாலாட்டுகளோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை அளித்தார். அதற்குப் பெற்ற மதிப்பீடு 1.3.

அவர் திரும்பியபோது சிக்கல் எழுந்தது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிவது. நம் மூன்றாம் பருவத்தின் பின்பாதியும் நான்காம் பருவத்தின் முன்பாதியும் அதனுள் அடங்கிவிடும். எனவே அங்குப் படித்ததை ஏற்காவிட்டால், அவர் ஓராண்டைத் திரும்பப் படிக்க வேண்டும். அதனை ஆராயக் கல்லூரி அமைத்த குழுவில் நானும் ஒருத்தி.

சான்றிதழைப் பார்த்த அலுவலர், “நூற்றுக்கு ஒன்று புள்ளி மூன்றா?” என்று கேட்டார். அங்கு 1 என்பதே முதன்மை மதிப்பு, 4 வரை தேர்ச்சி, 5 தோல்வி என்று எடுத்துச் சொன்னேன். அதனை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கேள்வி வந்தது: “தாலாட்டு நம் பாடத்திட்டத்தில் எந்தத் தாளுக்கு ஈடு?” மூன்றாம் பருவத்தில் ஒப்பிலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. அத்தாளை நடத்தியவள் நான். இதற்கு அது ஈடாகும் என்று அங்குச் சொல்லத் தகுதி உடையவள் நான் ஒருத்தியே.

நான் சொல்லவில்லை. அப்போது என் பதவி உயர்வுக் கோப்பு அக்குழுவிலிருந்த ஒருவரின் மேசையில் இருந்தது. ‘பாடத்திட்டம் ஒத்து வரவில்லை’ என்று எழுதிய தாள் என்னிடம் வந்தது. கையொப்பமிட்டேன். கொர்ராதி அம்மையாருக்கு 1958இல் நேர்ந்ததை அறிந்திருந்த நான், 2019இல் அதே வேலையைச் செய்தேன்.

மாணவி என்னைக் குறை கூறவில்லை. ஒரு நாள், “அம்மா, நீங்கள் ஹைடெல்பெர்க்கில் இருந்த ஆறு மாதத்தை யார் கணக்கில் வைத்தார்கள்?” என்று மட்டும் கேட்டார். தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்ட கேள்விதான். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

அவ்வாண்டு நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றிற்கு அவரைப் பேச அழைத்தீர்கள். உங்களிற் பலர்க்கு நினைவிருக்கலாம். கல்லூரியில் அவரிடம் எல்லோரும் சான்றிதழைக் கேட்டார்கள். இங்குதான், அங்கு என்ன கண்டாய், என்ன கேட்டாய் என்று கேட்டீர்கள். நம் மூத்த கவிஞர் ஒருவர், “உன் அம்மாவின் தாலாட்டை அந்தப் பிள்ளைகள் பாடினார்களா?” என்றார். ழகரம் வராத நாவில் அது எப்படி ஒலித்தது என்று அவர் பாடிக் காட்டினார். அவை சிரித்தது, அவரும் சிரித்தார். ஊர் திரும்பிய பின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். கல்லூரி போடாத இலையை நீங்கள் போட்டீர்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நான் கூட்டம் முடியுமுன் எழுந்து சென்றுவிட்டேன்.

அதன்பின் நான் செய்தது சிறியதே. எராஸ்மஸ் திட்டத்தில் ‘கற்றல் உடன்படிக்கை’ என்று ஒன்று உண்டு. மாணவர் அங்கு எந்தெந்தப் பாடம் படிப்பார், இங்கு அது எதற்கு ஈடாகும் என்பதைப் புறப்படுமுன்னரே எழுதி, மாணவரும் அனுப்பும் நிறுவனமும் ஏற்கும் நிறுவனமும் ஆகிய மூவரும் கையொப்பமிடுவது. எங்கள் துறையிலும் அத்தகைய ஒரு படிவம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை எழுதிய பின் ஏற்றனர். நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டில், மாணவர் ஓரிடத்தில் ஈட்டிய கிரெடிட்டைச் சேமித்துப் பிறிதோரிடத்தில் பயன்படுத்தும் வங்கி போன்ற ஏற்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. விதிகள் நல்லவை, வரவேற்கின்றேன். ஆனால் 2019இல் எங்களுக்குக் குறைவாக இருந்தது விதியன்று. வாய் திறந்து ஒரு சொல் சொல்ல ஓர் ஆள் குறைவாக இருந்தார். அந்த ஆள் நான்.

அம்மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கின்றார். இவ்வுரையை அவரிடம் முன்னரே படித்துக் காட்டி, இசைவு பெற்றே இங்குப் பேசுகின்றேன். ‘என்னால் அவருக்கு ஓராண்டு வீணாயிற்று’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அவர் அதை மட்டும் திருத்தினார். “வீணாயிற்று என்று எழுதாதீர்கள் அம்மா. அந்த ஆண்டில்தான் தாலாட்டுக் கட்டுரையைத் தமிழில் எழுதினேன். தோட்டை மீட்க ஓராண்டு தாமதமாயிற்று என்று எழுதுங்கள், அது உண்மை” என்றார். அவர் சொன்னபடியே திருத்திவிட்டேன்.

கவிஞர் பெருமக்களே, நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் இன்னும் போவார்கள். புறப்படும்போது மாலையும் வாழ்த்தும் நிறையக் கிடைக்கின்றன. திரும்பி வரும் நாளில், என்ன கொண்டுவந்தாய் என்று கேட்க ஓர் இடம் வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வட்டம் அத்தகைய இடமாக இருந்து வருகின்றது. இனியும் இருக்க வேண்டும். ‘போய் வா’ என்று சொன்னவர்கள் நாம். சொன்ன சொல்லின் பிற்பாதி நம் பொறுப்பு.

போய் வருகிறேன்.